விமானப் பாதுகாப்பா, ரோடு பாதுகாப்பா, எதப் படிக்கலாம்?

தமிழ்நாடு-கேரளா எல்லையில உள்ள களியக்காவிளை, பாறசாலை பக்கத்து பிள்ளைங்க ஏரோநாட்டிக்கல் படிச்சு விமானப் பாதுகாப்புக்கு போகவா, சிவில் முடிச்சு ரோடு பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு போகவான்னு கேக்காங்க.

விமானம் விழுந்தா பிளாக் பாக்ஸ எடுத்து நொடி நொடியா பிரிச்சு பாப்பாங்க, 2020 ஆகஸ்ட்ல கோழிக்கோட்டுல 21 பேரு செத்தப்போ மழை, காத்து, ரன்வே, பைலட் முடிவுன்னு எல்லாத்தையும் தோண்டுனாங்க. படிக்க சென்னை குரோம்பேட்டைல உள்ள எம்ஐடி காலேஜ் நல்ல இடம், ஆனா பாதுகாப்புக்குன்னே உள்ள வேலை கம்மிதான்.

ரோட்டுல 2022ல மட்டும் நாடு முழுக்க 1,68,491 பேரு விபத்துல செத்திருக்காங்க, அதுல முக்காவாசி டிரைவர் தப்பு, ஓவர் ஸ்பீடுன்னு எழுதி மூடிருவாங்க, வளைவு சரியா போட்டிருந்தாங்களா, லைட் எரிஞ்சுதான்னு கேக்க படிச்ச ஆளு வேணும்லா. நாட்பாக்னு போக்குவரத்து ஆராய்ச்சி மையம் ஒண்ணு பக்கத்துலயே திருவனந்தபுரத்துல இருக்கு, சென்னை ஐஐடிலயும் ரோடு பாதுகாப்புக்கு தனி மையம் இருக்கு.

என்னக் கேட்டா ரெண்டாவதுதான், தமிழும் மலையாளமும் வாசிக்கத் தெரிஞ்ச நம்ம பிள்ளைங்களால ரெண்டு ஸ்டேட் போலீஸ் ரெக்கார்டையும் நேரா படிக்க முடியும்.