சர்வர் தரும் எண்ணா, கெர்னல் போடும் எண்ணா?

பெருங்குடி அலுவலகங்களில் விண்டோஸ் சர்வரின் ஷேரை (பகிர்ந்த கோப்புறையை) லினக்ஸில் மவுன்ட் செய்பவர்களுக்கு, அதாவது இணைத்துக்கொள்பவர்களுக்கு, கோப்புகளுக்கு எண் வைப்பதில் இரண்டு வழி.

மவுன்ட் செய்யும்போது ‘செர்வர்ஐனோ’ (serverino) என்ற விருப்பம் கொடுத்தால், சர்வர் தரும் கோப்பு எண்ணையே கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஐநோடு எண்ணாக, அதாவது கோப்பின் அடையாள எண்ணாக, எடுத்துக்கொள்ளும். மறுபடி மவுன்ட் செய்தாலும் அதே எண். ஹார்ட்லிங்க்கையும் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) கோப்பு நகலெடுக்கும் ஆர்சிங்க், -H கொடுத்தால், கண்டுகொள்ளும். வம்பு எங்கே? ஒரே ஷேருக்குள் இரண்டு டிஸ்க் ஒளிந்திருந்தால். எண் அந்தந்த டிஸ்க்குக்குள்தான் தனித்தது. அண்ணா நகரிலும் முதல் அவென்யூ, அசோக் நகரிலும் முதல் அவென்யூ; ஊர்ப்பெயர் இல்லாத முகவரியை வைத்துத் தபால்காரர் என்ன செய்வார்? இரு வேறு கோப்புகள் ஒன்றாகத் தெரியக்கூடும்.

இரண்டாவது வழியான ‘நோசெர்வர்ஐனோ’வில் (noserverino) கெர்னலே எண் போடும். மோதல் இல்லை. ஆனால் கேஷிலிருந்து (தற்காலிக நினைவகத்திலிருந்து) ஐநோடு வெளியேறினாலே எண் மாறலாம், ஹார்ட்லிங்க்கும் தெரியாது. பேக்கப் ஓடும் இடத்தில் இதை நான் தொடமாட்டேன். டிஸ்க்குக்கு ஒரு ஷேர் என்று பிரித்துவிட்டு முதல் வழியிலேயே போவேன்.