மழைப் பக்கம் ஒன்று, வழி மூன்று: ஸ்டாம்பா, கொலாஜா, டூடுலா?

ஏ5 நோட்டில் ஒரு பக்கம், அதாவது 148க்கு 210 மில்லிமீட்டர். கருப்பொருள் மழை. இந்தப் பக்கத்தை ஸ்டாம்ப் குத்தி நிரப்பலாம், காகிதத் துண்டுகளை ஒட்டி, அதாவது கொலாஜ் செய்து நிரப்பலாம், ஒரே ஒரு பேனாவை வைத்துக்கொண்டு மனம்போன போக்கில் டூடுல் போட்டும் நிரப்பலாம். எது அழகு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எந்த முறை உங்கள் நோட்டுக்கு ஒத்துவரும் என்பதை மட்டும் காகிதமே தீர்மானித்துவிடும். தாளுக்குள் எவ்வளவு ஈரம் இறங்குகிறது என்பதில்தான் மூன்று முறைகளும் பிரிகின்றன: டூடுலில் சொற்பம், ஸ்டாம்பில் கொஞ்சம், கொலாஜில் தாராளம்.

ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். பள்ளி நோட்டுத் தாள் பெரும்பாலும் அதைவிட மெல்லிசு. இவற்றில் டூடுல் மட்டுமே நிம்மதியாக நிற்கும். ஸ்டாம்ப் குத்தலாம், ஆனால் மை பின்பக்கம் தெரியும். கொலாஜ் ஒட்டினால் தாள் அப்பளம் போல நெளியும். 130 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது கெட்டியான வரைதாள் என்றால் மூன்றுமே நடக்கும். வாட்டர்கலரும் சேர்ப்பதாக இருந்தால் 300 ஜிஎஸ்எம் வாங்கிவிடுவது நல்லது. நோட்டு மலிவு, கைவசம் பசை இருக்கிறது என்று பலர் கொலாஜில்தான் தொடங்குகிறார்கள். மெல்லிய நோட்டில் முதலில் காலைவாருவதும் அதுதான்.

ஸ்டாம்ப்: திரும்பத் திரும்ப வருவது இதன் பலம்

மழை என்றாலே ஒரே துளி ஆயிரம் முறை விழுவதுதான். அதனால் இந்தக் கருப்பொருளுக்கு ஸ்டாம்ப் இயல்பாகவே பொருந்துகிறது. கடையில் விற்கும் கிளியர் ஸ்டாம்பை, அதாவது ஒளி ஊடுருவும் ஸ்டாம்பை, கண்ணாடி போன்ற அக்ரிலிக் கட்டையில் ஒட்டிக் குத்தலாம். கோடு துல்லியமாக விழும், குத்தும் இடமும் கட்டை வழியே தெரியும். புது ஸ்டாம்பில் மை முத்து முத்தாக உருண்டு நின்றால், பரப்பைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்துவிடுங்கள், மை பிடித்துக்கொள்ளும்.

ஆனால் துளி, இலை, குடை போன்ற எளிய வடிவங்களுக்குக் காசு கொடுத்து ஸ்டாம்ப் வாங்குவது வீண். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரே போதும். வடிவத்தை ட்ரேசிங் பேப்பரில் 4பி பென்சிலால் அழுத்தி வரைந்து, வரைந்த பக்கத்தை ரப்பர்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் கரி அப்படியே இறங்கும். இடவலம் மாறும் கவலையும் இதில் இல்லை. கவிழ்க்கும்போது ஒருமுறை திரும்புகிறது, குத்தும்போது இன்னொரு முறை திரும்புகிறது, தாளில் நேராக வந்துவிடும். ரப்பர்மேல் நேரடியாக எழுதிச் செதுக்கினால்தான் ‘மழை’ என்ற சொல் கண்ணாடியில் தெரிவது போல விழும்.

செதுக்க வி வடிவ லினோ உளி நல்லது. இல்லாவிட்டால் பேப்பர் கட்டர் பிளேடு. ஆழம் 2 மில்லிமீட்டர் போதும். பிளேடை வெளிப்பக்கம் சாய்த்து வெட்ட வேண்டும். மலைச்சரிவு போல அடி அகன்றும் மேல் குறுகியும் கோடு நின்றால் பல நூறு அச்சுக்குத் தாங்கும். அடியைக் குடைந்து வெட்டிவிட்டால் பத்தாவது அழுத்தத்திலேயே மெல்லிய கோடு ஒடியும். வடிவத்தைச் சுற்றி மிஞ்சும் மேட்டையும் சீவிவிடுங்கள். துளிக்குப் பக்கத்தில் அழுக்காகப் பதியும் அரைவட்டக் கறை பெரும்பாலும் அந்த மேட்டிலிருந்துதான் வருகிறது.

ஸ்டாம்பை மைப்பேடில் அமுக்காமல், பேடைக் கையில் எடுத்து ஸ்டாம்ப்மேல் மெல்லத் தட்டினால் பள்ளத்துக்குள் மை இறங்காது. தாளுக்கு அடியில் நாலைந்து மடிப்புச் செய்தித்தாளோ ஃபோம் ஷீட்டோ வைத்து, நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். ஆட்டினால் ஓரம் இரட்டிக்கும்.

மழைப் பக்கத்துக்கு இரண்டு உத்திகள் முக்கியம். முதலாவது, ஒருமுறை மை தட்டிவிட்டு மூன்று முறை குத்துவது. முதல் அச்சு அடர்த்தி, இரண்டாவது வெளிறல், மூன்றாவது நிழல். அடர்ந்த துளி பக்கத்தில் பெய்வதாகவும் வெளிறியது தூரத்தில் பெய்வதாகவும் கண்ணுக்குப் படும். இரண்டாவது, மறைப்பு. குடையை முதலில் குத்திவிட்டு, அதையே ஒட்டும் குறிப்புச்சீட்டின் பசையுள்ள பகுதியிலும் குத்தி வெட்டியெடுங்கள். அந்தத் துண்டால் குடையை மூடிவிட்டு மேலே துளிகளைக் குத்திச் சீட்டை உரித்தால், மழை குடைக்குப் பின்னால் பெய்திருக்கும். சீட்டைக் குடைக்குக் கீழும் கொஞ்சம் நீட்டி வெட்டினால் நிற்பவர் தலையும் நனையாது.

மை விஷயத்தில் கவனம் தேவை. டை மை, அதாவது நீரில் கரைந்த சாய மை, தாளுக்குள் ஊறி உடனே காயும், ஆனால் பெரும்பாலானவற்றில் தண்ணீர் பட்டால் ஓடும், வெயிலில் வெளிறும். பிக்மென்ட் மை, அதாவது நுண்ணிய நிறத்துகள் கலந்த மை, மேற்பரப்பில் நிற்கும். நிறம் நிலைக்கும், ஆனால் காய நேரமெடுக்கும். வழவழத்த தாளில் விட்டால் மறுநாளும் விரலில் ஒட்டும். அலுவலக ஸ்டாம்ப் பேடின் ஊதா மை மெல்லிய தாளைத் துளைத்துப் பின்பக்கம் போய்விடும். அதன்மேல் வாட்டர்கலர் தொட்டால் பக்கம் முழுக்க ஊதா. மழைப் பக்கத்தில் வேண்டுமென்றே அப்படிக் கரையவிடுகிறவர்களும் உண்டு. அது வேறு கதை.

இன்னொன்று: வெள்ளை ரப்பரைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். ரப்பரை மிருதுவாக்கச் சேர்த்திருக்கும் பொருள் டப்பாவைக் கரைத்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். காகிதத்தில் சுற்றி வையுங்கள்.

காய்கறி அச்சுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் பூ தயார், உருளைக்கிழங்கில் குடை செதுக்கலாம். வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டுக் கெட்டியான போஸ்டர் கலரைத் தொட வேண்டும். மறுநாள் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கொலாஜ்: உண்மைத் துண்டு, உண்மைத் தொல்லை

ஸ்டாம்பில் குத்தும் மழை எந்த ஊர் மழையாகவும் இருக்கலாம். கொலாஜ் அப்படியில்லை. அந்த ஐப்பசி நாளின் நாள்காட்டித் தாளைக் கிழித்து ஒட்டினால் தேதி, நட்சத்திரம், ராகுகாலம் சகிதம் அந்த மழை எந்த நாளில் பெய்தது என்பது பக்கத்திலேயே பதிந்துவிடும். ‘பள்ளிகளுக்கு விடுமுறை’ என்ற தலைப்புச் செய்தி, பஸ் டிக்கெட், பஜ்ஜி சுற்றி வந்த தாளின் எண்ணெய் படாத மூலை என்று வேறெந்த முறையும் தராத சாட்சியத்தை இது தரும். கருப்பொருளை ஆழமாகச் சொல்ல நினைத்தால் கொலாஜுக்கு ஈடில்லை. விலை மட்டும் கூடுதல், அதைக் காசாக இல்லாமல் பொறுமையாகக் கொடுக்க வேண்டும்.

முதல் தொல்லை ஒட்டும் பொருளின் ஆயுள். செய்தித்தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பேறும். ஓவியர்கள் பிக்காஸோவும் பிராக்கும் 1912 முதல் தங்கள் படங்களில் ஒட்டிய செய்தித்தாள்களுக்கும் இதே கதிதான். நடத்துநர் மெஷினில் அடித்துத் தரும் டிக்கெட்டும் கடை பில்லும் வெப்பத்தில் எழுத்து வரும் தாள். அச்சு நாளடைவில் மறையும், சூடு பட்டால் தாளே கறுக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுவது. டோனர் அச்சு பசை ஈரத்துக்கு அசையாது. வீட்டு இங்க்ஜெட் பிரின்ட் பசை பட்டதும் கசியும்.

அடுத்தது பசை. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதில் தண்ணீர் இருக்கிறது. தாளின் நார் நீர் குடித்து வீங்கி, காயும்போது சுருங்குகிறது. ஒட்டிய துண்டும் அடித்தாளும் ஒரே அளவில் சுருங்காததால் நெளிவு. கிளூ ஸ்டிக்கில் ஈரம் குறைவு, நெளியாது, ஆனால் வழவழத்த பத்திரிகைத் தாளின் ஓரங்கள் சில மாதத்தில் தூக்கிக்கொள்ளும். மைதாப் பசை மலிவு, இராமபாணப் பூச்சிக்கும் விருந்து. பைண்டிங் செய்பவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான். அது நஞ்சு, பிள்ளைகள் புழங்கும் மேசையில் வேண்டாம்.

வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலக்காமல், பழைய ஏடிஎம் கார்டால் மெல்லிய படலமாக இழுத்துப் பூசுவதே சரியான வழி. துண்டைக் கவிழ்த்து நடுவிலிருந்து ஓரத்தைத் தாண்டிப் பூசி, பக்கத்தில் வைத்து, பட்டர் பேப்பர் மூடி, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே தேய்க்க வேண்டும். டிஷ்யூ தாளுக்கு மட்டும் தண்ணீர் கலந்த பசை. பிறகு இருபுறமும் பட்டர் பேப்பர் வைத்து நோட்டை மூடி, கனமான புத்தகங்களின் கீழே ஒரு இரவு. நெளிவைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணும். நேராகக் கிழிவது நார் ஓடும் திசை. துண்டின் நார் திசையும் நோட்டுத் தாளின் நார் திசையும் ஒன்றாக அமைந்தால் பாதித் தொல்லை போச்சு.

மேகத்துக்குக் கத்தரிக்கோல் கூடாது, கையால் கிழிக்க வேண்டும். அச்சடித்த கெட்டித் தாளைக் கிழித்தால் ஒரு துண்டின் ஓரத்தில் வெள்ளை நார் தெரியும், மற்றதில் தெரியாது. இழுக்கும் திசையை மாற்றினால் வெள்ளை எதிர்த்துண்டுக்குப் போகும். சாம்பல் வானத் துண்டில் அந்த வெள்ளை ஓரத்தை மேல்பக்கம் வைத்தால் வெயில் தொட்ட மேக விளிம்பு, வரையாமலே கிடைக்கும்.

நோட்டு பிதுங்குவதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இரண்டு மூன்று கொலாஜ் பக்கத்துக்கு ஒரு தாள் வீதம், தையலோரம் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டியெடுத்துவிட்டால் முதுகு விரியாது.

டூடுல்: செலவு குறைவு, மறைப்பதற்கும் இடமில்லை

இதற்கு வேண்டியது பேனா மட்டும். பால்பாயின்ட் கசியாது, ஆனால் அழுத்தினால் பின்பக்கம் தழும்பு தெரியும். ஜெல் பேனா கை பட்டால் இழுபடும், இடக்கைக்காரர்களுக்கு ரொம்பவே. தண்ணீருக்கு அசையாத பிக்மென்ட் மைப் பேனாதான் சிறப்பு. இவற்றின்மேல் போட்டிருக்கும் எண்களை மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ள வேண்டாம்: சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான் பேனாவில் 01 என்றால் 0.25 மி.மீ., 05 என்றால் 0.45 மி.மீ.

டூடுல் பக்கங்கள் பெரும்பாலும் கெடுவது எல்லாக் கோடும் ஒரே தடிமனாக இருப்பதால்தான். குடையின் வெளிக்கோட்டுக்கு 05, உள் வேலைப்பாட்டுக்கு 01 என்று பிரித்துக்கொண்டு, பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் விட்டால் மழை மழையாகத் தெரியும். எல்லா இடத்தையும் நிரப்பினால் அது துணி டிசைன். மழைக்கோட்டை மேலிருந்து இழுத்து, முடிவில் பேனாவைச் சுண்டி எடுங்கள். வால் மெலியும். சாய்வு எல்லாக் கோட்டிலும் ஒன்றாக இருக்கட்டும். காற்று ஒரே நேரத்தில் இரண்டு திசையில் அடிக்காது.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு சலுகை இருக்கிறது. டாட் கிரிட் நோட்டில் பெரும்பாலும் 5 மி.மீ. இடைவெளியில் புள்ளி இருக்கும். நேர்ப்புள்ளி ஏற்கெனவே வைத்தாயிற்று, சிக்குக் கோலத்தை ஓட்ட வேண்டியதுதான் பாக்கி. வாசல் கோலத்தை மழை கலைத்த காட்சி வேண்டுமானால், பாதிக் கோலத்தை முழுக் கோடாகவும் மீதியை உடைந்த புள்ளிக் கோடாகவும் போடலாம்.

கையா, அச்சா என்ற போட்டி நேற்று வந்ததில்லை. ஆந்திராவின் காளஹஸ்தியில் துணிமேல் ‘கலம்’ என்ற மூங்கில் பேனாவால் வரைகிறார்கள், மசூலிப்பட்டினத்தில் மரஅச்சால் குத்துகிறார்கள். இரண்டுக்கும் பெயர் கலம்காரிதான்.

மெல்லிய நோட்டென்றால் டூடுல், வரையக் கை நடுங்குகிறவர்களுக்கு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு குறிப்பிட்ட நாளின் மழையைப் பிடித்துவைக்க கொலாஜ். மூன்றையும் ஒரே பக்கத்தில் சேர்ப்பதாக இருந்தால் வரிசையை மாற்றக் கூடாது: முதலில் கொலாஜ், ஒரு இரவு பாரத்தின் கீழே, மறுநாள் ஸ்டாம்ப், மை காய்ந்தபின் பேனா. தலைகீழாகச் செய்தால் பசையின் ஈரம் டை மையைக் கரைக்கும். பசை முழுக்கக் காயாத இடத்தில் மைக்ரான் முனையை ஓட்டினால் முனை அடைத்துப் பேனா வீண். காய்ந்தபின்னும் வெள்ளைப் பசை புழுக்கத்தில் லேசாகப் பிசுபிசுக்கும், எதிர்ப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது படத்தையே உரித்துவிடும். அதனால் அந்தப் பட்டர் பேப்பரை எடுத்துவிடாமல் நோட்டுக்குள்ளேயே விட்டுவையுங்கள்.