போர்டு மாற்றினால் ரெக்கவரி கீ செத்துவிடும் என்று சொன்னால் நம்பாதீர்கள்

லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கப்போகிற யாராக இருந்தாலும் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். என் அக்காவின் லேப்டாப்பை ஒரு சர்வீஸ் சென்டர் பொய் சொல்லி ஃபார்மட் செய்துவிட்டது. அதற்குக் காசும் வாங்கிக்கொண்டது. போனது முனைவர் பட்ட ஆய்வுக்காக அவள் எடுத்த நேர்காணல்களின் ஒலிப்பதிவுகள்.

சார்ஜ் ஏறவில்லை என்றுதான் கொடுத்தோம். மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். சரி, மாற்றுங்கள் என்றோம். மாற்றி ஆன் செய்ததும் நீலத் திரை வந்து பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டிருக்கிறது. பிட்லாக்கர் என்பது டிரைவில் (தகவல்கள் சேமிக்கப்படும் பாகம்) இருப்பதையெல்லாம் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. அந்தப் பூட்டு தானாகத் திறக்காதபோது தட்டவேண்டிய நீண்ட எண்தான் ரெக்கவரி கீ. அக்கா தன் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, அங்கே இருந்த கீ பட்டியல் முழுவதையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "போட்டுப் பாத்துட்டோம் மேடம், எடுக்கல. போர்டு மாத்தினா பழைய கீ செத்துடும். எங்ககிட்ட தனி சாஃப்ட்வேர் இருக்கு, லாக்கை உடைச்சு டேட்டா எடுத்துடலாம்." அதற்குத் தனிக் கட்டணம். நேர்காணல்கள் அதில் இருக்கின்றன என்ற பதற்றத்தில் இருந்தவளிடம் முன்பணமும் வாங்கிவிட்டார்கள். திரும்பி வந்தது புதிதாக விண்டோஸ் போட்ட காலி லேப்டாப்.

அவர்கள் சொன்ன இரண்டுமே பொய்.

போர்டை மாற்றினால் கீ கேட்பது இயல்பு. வழக்கமாக டிரைவைத் தானாகத் திறந்துவிடுவது போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு அமைப்பு. போர்டோடு அது போய்விட்டால் விண்டோஸ் ரெக்கவரி கீயைக் கேட்கும். கணினியை முதலில் இயக்கும் பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்தாலும், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை மாற்றினாலும்கூடக் கேட்கலாம். ஆனால் ரெக்கவரி கீக்கும் போர்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது டிரைவோடு சேர்ந்தது. அந்த டிரைவைக் கழற்றி வேறொரு விண்டோஸ் கணினியில் மாட்டினாலும் அதே கீதான் திறக்கும். இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான் அந்தக் கீயே இருக்கிறது!

அப்புறம் ஏன் எடுக்கவில்லை? அவர்களே முதலில் அனுப்பிய நீலத் திரைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீ கேட்கும் இடத்துக்குக் கீழே கீ ஐடி என்று எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி இருந்தது. அதன் முதல் எட்டு எழுத்துகள் அக்கா அனுப்பிய பட்டியலில் இரண்டாவதாக இருந்த கீயோடு அப்படியே பொருந்தின. மேலே இருந்தது அவளுடைய பழைய லேப்டாப்பின் கீ. எந்தக் கீயைப் போட்டீர்கள் என்று நேரில் போய்க் கேட்டேன். "மேல இருந்ததைத்தான்" என்றார் அந்த டெக்னீஷியன். ஒரு வரி கீழே பார்த்திருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும். இப்போது சரியான கீ கையில் இருந்தும் பயனில்லை. ஃபார்மட் செய்தபோது, அந்தக் கீ திறக்கவேண்டிய பூட்டின் தகவலும் சேர்ந்து அழிந்துவிட்டது.

லாக்கை உடைக்கிறோம் என்ற பேச்சு இன்னும் மோசம். ரெக்கவரி கீ 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும். உதாரணத்துக்கு 236489 வகுபடும், 236488 வகுபடாது. தட்டும்போது ஓர் இலக்கம் தவறியிருக்கிறதா என்று இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இந்தக் கட்டுப்பாடு போகவும் 128 பிட் அளவுக்கு, அதாவது 39 இலக்க எண்ணிக்கையில், சாத்தியங்கள் மிஞ்சுகின்றன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உடைக்கும் மென்பொருள் எந்தக் கடையிலும் இல்லை. தொலைந்த கீயை மைக்ரோசாஃப்டே திரும்ப உருவாக்கித் தர முடியாது.

ஆகவே கீ எடுக்கவில்லை என்று யாராவது சொன்னால், முதலில் திரையின் படத்தைக் கேளுங்கள், கீ ஐடி தெரியும்படி. பட்டியலில் அதே ஐடி இல்லையென்றால், அந்த லேப்டாப்பை முதன்முதலில் யாருடைய கணக்கில் தொடங்கினீர்கள் என்று யோசியுங்கள். கீ பெரும்பாலும் அங்கே இருக்கும். அலுவலக லேப்டாப் என்றால் அங்குள்ள கணினிப் பிரிவிடம் கேட்கலாம். ஒரே லேப்டாப்பில் சி டிரைவுக்கு ஒரு கீயும் டி டிரைவுக்கு வேறு கீயும் இருக்கலாம், அதையும் கவனியுங்கள். முடிந்தால் கீயை யாருக்கும் அனுப்பாமல் நேரில் போய் நீங்களே தட்டுங்கள்.

லேப்டாப்பைக் கொடுக்கும்போதே "உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் ஃபார்மட் செய்யக்கூடாது" என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். எங்கள் ஷீட்டில் அப்படி ஒரு வரி இல்லை. அதைக் காட்டித்தான் முன்பணத்தைக்கூடத் திருப்பித் தர மறுக்கிறார்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் அந்த நீலத் திரைப் படத்தையும் வைத்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம்.