குழாயை யாரும் தொடக்கூடாது

மூன்று வாரம் ஊரில் இருந்தேன். கல்யாணம், குலதெய்வம், பேங்க் வேலை எல்லாம் எப்படியோ நடந்தது. அதை எழுதி உங்களைப் படுத்தப் போவதில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு கண்ணாடிக் குழாய்தான் கண் முன்னால் வந்து நிற்கிறது.

டெல்டாவில் எங்கள் கிராமம். சித்தப்பா இருட்டினதும் மோட்டாரை நிறுத்தப் போனார். செருப்பும் இல்லை, டார்ச்சும் இல்லை. ஐம்பது வருடமாக அப்படித்தான் போகிறார். வரப்பில் எதையோ மிதித்தார், கணுக்காலுக்கு மேலே கடி. கண்ணாடி விரியன். எப்படித் தெரியும் என்கிறீர்களா? தம்பி அதை அடித்து உரச் சாக்கில் போட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தான். "அடிக்கப் போய் உன்னையும் கடிச்சிருந்தா ரெண்டு பெட் கேட்டிருப்பியா? தூர நின்னு போட்டோ எடுத்தா போதாதா?" என்று டாக்டர் கேட்டது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை.

நான் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில் அவசரப் பிரிவு நர்ஸ். பதினான்கு வருடத்தில் ஒரு பாம்புக்கடிகூடப் பார்த்ததில்லை. பிரிட்டனில் இருக்கும் விஷப் பாம்பு ஒரே ஒரு வகை விரியன்தான். அது கடித்துக் கடைசியாக ஒருவர் இறந்தது 1975இல். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் செத்திருப்பார்கள் என்று ஓர் ஆய்வு கணக்குச் சொல்கிறது. வருடத்துக்கு 58 ஆயிரம். தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து ஒவ்வொரு பாம்புக்கடியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இதையெல்லாம் நான் படித்துத்தான் இருந்தேன். ஆனால் சித்தப்பா காலைப் பார்த்ததும் பதினான்கு வருடமும் எங்கே போனதோ தெரியவில்லை.

வீட்டில் நடந்தது உங்களுக்கே தெரியும். தொடையில் துண்டை முறுக்கிக் கட்டியாயிற்று. பக்கத்து வீட்டுப் பெரியம்மா மிளகைக் கொண்டுவந்து "காரமா இருக்கா, சொல்லு" என்றார். காரமாகத்தான் இருந்தது, அதனால் விஷம் ஏறவில்லை என்று ஒரு கட்சி! காலை அசைக்காமல் நீட்டி வையுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள் என்று நான் கத்தினேன். அதற்குள் கார் வந்துவிட்டது. கார் போன இடம் டவுனில் ஒரு நர்சிங் ஹோம். அங்கே சீட்டு எழுதி, பணம் கட்டச் சொல்லி, அப்புறம் "மருந்து இல்லைங்க, ஜி.எச்.சுக்குப் போயிடுங்க" என்றார்கள். நாற்பது நிமிடம் போச்சு. அந்த நாற்பது நிமிடத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அரசு ஆஸ்பத்திரிக்குள் நான் போய் இருபது வருடம் இருக்கும். பினாயில் வாசனை மாறவில்லை, வராந்தாவில் தூக்குவாளிகளும் அப்படியே. ஆனால் வாசலிலேயே ஒரு சிஸ்டர் நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, "சிவப்பு" என்று உள்ளே அனுப்பினார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆபத்தின் அளவைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் 95 சதவீதம் பேரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறோம். அதை நாடு முழுவதுமாகக் கடைசியாக எட்டியது 2015 ஜூலையில்! இங்கே சித்தப்பா கையில் ஊசி ஏற நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. துண்டைக்கூட டிரிப் போட்ட பிறகுதான் மெதுவாகத் தளர்த்தினார்கள்.

சரி, குழாய்க்கு வருகிறேன்.

பயிற்சிப் பெண் ஒருத்தி ரத்தம் எடுத்து பிளாஸ்டிக் குழாயில் விடப் போனாள். "கண்ணாடி! கண்ணாடி எடு!" என்று சிஸ்டர் அதட்டினார். புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம். ஜன்னல் ஓரத்து ஸ்டாண்டில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உள்ளங்கையில் நேரத்தை எழுதிக்கொண்டார். இருபது நிமிடம் அசைக்கக்கூடாது. பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். விரியன் விஷம் ரத்தம் உறைவதற்கு வேண்டியதையெல்லாம் உடம்புக்குள்ளேயே செலவழித்துத் தீர்த்துவிடும். அப்படி ஆகியிருந்தால் குழாயில் ரத்தம் தண்ணீராகவே நிற்கும். கண்ணாடிச் சுவர் பட்டால்தான் உறைதல் சரியாகத் தூண்டப்படும், பிளாஸ்டிக்கை நம்ப முடியாது. சோப்புப் போட்டுக் கழுவின குழாயும் பொய் சொல்லும்.

லெஸ்டரில் நான் கண்ணாடிக் குழாயைக் கையால் தொட்டதே இல்லை. மாதிரியைக் காற்றுக் குழாயில் போட்டால் லேப் வரைக்கும் தானே பறந்து போகும். இங்கே ஒரு குழாய், ஒரு கடிகாரம், மேலே லொடலொடக்கும் ஃபேன். முதல் ஐந்து நிமிடம் எனக்கு அவமானமாக இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்தாவது நிமிடத்தில் நானும் அந்தக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சித்தப்பாவை அல்ல.

பன்னிரண்டாவது நிமிடம் தம்பி உள்ளே வந்தான். "உறைஞ்சிடுச்சாக்கா?" என்று கேட்டுக்கொண்டே குழாயை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தான்.

சிஸ்டர் போட்ட சத்தத்தில் வராந்தாவில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். மறுபடி ரத்தம், புதுக் குழாய், மறுபடி இருபது நிமிடம். இந்த முறை சிஸ்டர் தன் நாற்காலியை ஸ்டாண்டுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். தம்பி சாக்கோடு வெளியே.

நேரம் முடிந்ததும் சாய்த்தார். ரத்தம் அப்படியே ஓடியது, சுவரில் ஒரு திப்பிகூட ஒட்டவில்லை. "குடு" என்றார் டாக்டர், அவ்வளவுதான்.

பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து. தூளில் தண்ணீர் விட்டு, நுரை வரக்கூடாது என்று குலுக்காமல் உருட்டி உருட்டிக் கரைத்தார்கள், எனக்கும் இரண்டு கொடுத்தார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இதே மருந்துதான். குதிரைகளுக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அவற்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது. அந்த விஷத்துக்காக வடநெம்மேலியில் இருளர்கள் கூட்டுறவு சங்கம் வைத்துப் பாம்பு பிடிக்கிறார்கள், 1978இலிருந்து.

குதிரை மருந்து என்பதால் ஒவ்வாமை பயம் உண்டு. டாக்டர் முதலில் தோலுக்கடியில் துளி அட்ரினலின் போட்டார். ஏன் என்று கேட்டேன், தொழில் புத்தி. "சிலோன்ல ஆயிரம் பேருக்கு மேல வெச்சுப் பண்ண ஸ்டடிம்மா" என்றார். வீட்டுக்கு வந்து தேடினேன்: 2011இல் வந்தது, 1007 பேர். முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்திருக்கிறது. ஒவ்வாமைக்குப் பழக்கமாகப் போடும் ஹைட்ரோகார்டிசோனும் புரோமெதசினும் பலன் தரவில்லை. அவசரப் பிரிவில் எனக்குத் தெரிந்த ஆய்வெல்லாம் லண்டனிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் வந்தவை. இது பக்கத்துக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன். சித்தப்பாவுக்குக் கொஞ்சம் அரிப்பு வந்ததோடு சரி.

ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு குழாய். ராத்திரி மூன்று மணி இருக்கும். சிஸ்டர் சாய்த்தார். ரத்தம் நகரவில்லை, அடியில் சிவப்பு ஜெல்லி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றது. எனக்குத்தான் கண் கலங்கியது. அவர் நோட்டில் எழுதிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார்.

கிட்னிக்காக ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கிளம்புவதற்கு முன்னால் சித்தப்பாவுக்கு ஒரு டார்ச்சும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் வாங்கிக் கொடுத்தேன். டார்ச் உபயோகத்தில் இருக்கிறதாம். பூட்ஸைச் சித்தி பரணில் வைத்திருக்கிறாள், புதுசு, சேறு பட்டால் வீணாகிவிடும் என்று.