ஆறு வருஷ லிப்போ சார்ஜரும் அதன் 5 வாட் கொடுமையும்

ரிமோட் ப்ளேனுக்குப் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளை ஏற்ற ஆறு வருஷமாக நான் வைத்திருக்கும் சார்ஜரின் ஃபேன் போன வாரம் நின்றுவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கடையில் அதே அளவில் 12 வோல்ட் ஃபேன் கிடைத்தது, 80 ரூபாய். வீட்டுக்கு வந்து நானே சால்டரிங் வைத்து மாட்டிவிட்டு, படத்தை நாங்கள் ப்ளேன் விடும் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் உடனே கேட்டார், "அண்ணா, ஆறு வருஷம் ஓடுதுன்னா நானும் இதையே வாங்கிடலாமா?" ஆமாம் என்று டைப் அடித்து அழித்தேன், வேண்டாம் என்று அடித்து அதையும் அழித்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதவேண்டியிருக்கிறது.

நீல டப்பா, 50 வாட், 5 ஆம்ப், ஆறு செல் வரை, நாலு பட்டன், இரண்டு வரி டிஸ்ப்ளே. இந்த ஹாபியில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் அடையாளம் தேவையில்லை. என்னிடம் இருப்பது ஒரு ஃபோம் ட்ரெயினர், அதாவது புதிதாகப் பழகுபவர்களுக்கான ப்ளேன், அதற்கு 3 செல், 2200 மில்லி ஆம்ப் ஹவர் பேட்டரி பேக் நாலு. இந்த நாலையும் பார்த்துக்கொள்வதுதான் டப்பாவின் வேலை.

சார்ஜ் செய்வதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2.2 ஆம்பில் போட்டால் ஒரு மணி சொச்சத்தில் மூன்று செல்லும் 4.20 வோல்டில் வந்து நிற்கும், மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் அதிகபட்சம் 10 மில்லிவோல்ட் வித்தியாசம், அது ஆறு வருஷத்தில் மாறவே இல்லை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கடைசியில் காட்டும் அந்த ஒரு எண், உள்ளே எத்தனை மில்லி ஆம்ப் ஹவர் போயிருக்கிறது என்பது. ஆரம்பத்தில் ரிமோட்டில் டைமரை 9 நிமிஷம் வைத்திருந்தேன், சார்ஜ் போட்டால் 2100-க்கு மேல் காட்டும், அதாவது பேக்கை ஒட்ட உறிஞ்சிவிட்டுத்தான் தரையிறக்கியிருக்கிறேன். டைமரை 7 நிமிஷமாகக் குறைத்த பிறகு 1700 பக்கம் வந்தது. கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்காதே என்று எல்லாரும் சொல்வதை எனக்குக் கண்ணில் காட்டியது இந்த டப்பாதான். எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர், நிக்கல் காட்மியம் காலத்து ஆள், "முழுசா இறக்கி ஏத்தணும், அப்பதான் பேட்டரிக்கு நல்லது" என்று இன்றைக்கும் சொல்வார். அவருடைய பேட்டரிக்கு அது சரி. லிப்போவில் ஒரு செல்லை 3 வோல்டுக்குக் கீழே இறக்கினால் அதற்குக் காரியம்தான்.

சரி, இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். ஸ்டோரேஜ்.

முழுசாக ஏற்றிய லிப்போவைப் பறக்கவிடாமல் அப்படியே வைத்தால் கெட்டுப்போகும் என்பது தெரிந்ததுதான். 4.20-இல் நிற்கும்போது உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் மெல்ல மெல்லச் சிதைந்து வாயு உண்டாகும், பேக் உப்பும், உள் மின்தடை ஏறும், சூடு கூடக் கூட எல்லாமே வேகமாக நடக்கும். செல்லுக்கு 3.80 இல்லை 3.85-க்கு, அதாவது ஏறக்குறைய பாதிக்கு, இறக்கி வைத்தால் மாதக்கணக்கில் நிம்மதி. சனிக்கிழமை ராத்திரி நாலு பேக்கையும் ஏற்றி வைக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை கொட்டுகிறது. சென்னையில் அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை இதுதான் கதை. இப்போது நாலையும் இறக்க வேண்டும். டப்பாவில் அதற்கென்றே ஸ்டோரேஜ் மோட் இருக்கிறது. ஆனால் இறக்கும் வேகம்? 5 வாட். ஒரு பேக்கில் இருந்து எடுக்கவேண்டியது சுமார் 13 வாட் ஹவர், ஆக ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம், நாலுக்கும் சேர்த்து பத்து மணி நேரம், மழை ஞாயிறு முழுக்க அதற்கே சரியாகப் போய்விடும். ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கலாமே என்றால் இது மொபைல் சார்ஜர் இல்லை, லிப்போவை மாட்டிவிட்டுத் தூங்கப் போகிறவனை என் கூட்டத்தில் சேர்க்க மாட்டேன். பால்கனியில் மண்சட்டிக்குள் பேக்கை வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணலோடு, காவலுக்கு நானும் உட்கார்ந்திருப்பேன். இதற்கு நடுவில் சேஃப்டி டைமர் வேறு. என்னுடையதில் 120 நிமிஷம் என்று இருந்தது, அதனால் ஒரு பேக்குக்கே போதாமல் இரண்டு மணி நேரத்தில் கத்திவிட்டு நின்றுவிடும். முடிந்தது என்று நினைத்து முதல் ஆறு மாதம் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த டைமரை மெனுவில் மாற்றலாம் என்று மேனுவலில் ஒரு ஓரத்தில் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

நியாயமாகப் பார்த்தால் டப்பாவைத் திட்டக் கூடாது. இறக்கும் மின்சாரம் எல்லாம் உள்ளே இருக்கும் ஒரு ட்ரான்சிஸ்டரில் சூடாகத்தான் வெளியேறவேண்டும், உள்ளங்கை அகலப் பெட்டியில் அதற்கு மேல் சூட்டைத் தள்ள முடியாது, விலையும் அப்படி. இத்தனை வருஷம் மணிக்கணக்காக அந்தச் சூட்டை ஊதி ஊதித்தான் ஃபேன் செத்திருக்கும் என்பது என் சந்தேகம்.

ஆனால் இந்த நியாயம் பேசி நான் இழந்தது இரண்டு பேக். 2021 கடைசியில் நாலையும் ஒரே நாளில் வாங்கி, ஏ, பி, சி, டி என்று டேப் ஒட்டினேன். பத்து மணி நேரம் உட்காரப் பொறுமை இல்லாமல் ஏ, பி இரண்டை மட்டும் ஒழுங்காக இறக்கி வைப்பேன், சி, டி இரண்டும் "அடுத்த வாரம் விடத்தானே போறோம்" என்று முழுசாகவே பீரோ மேல் கிடக்கும். அடுத்த வாரம் என்பது சில சமயம் அடுத்த மாதம். 2023 மே மாதம் சி தலையணை மாதிரி உப்பியது. டி உப்பவில்லை, ஆனால் நாலாவது நிமிஷத்திலேயே மேலே ஏறத் திணறும். நண்பரிடம் இருந்த வேறொரு சார்ஜரில் உள் மின்தடையைப் பார்த்தால் ஏ-யில் மூன்று செல்லும் 6, 6, 7 மில்லி ஓம், டி-யில் 19, 22, 31. டி ஒருமுறை வேப்பமரத்தில் இருந்து விழுந்தது, அதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் சி எங்கேயும் விழவில்லை. ஏ இன்னும் ஏழு நிமிஷம் பறக்கிறது.

அதற்குப் பிறகுதான் பேக்கில் பல்பை மாட்டி எரியவிட்டே இறக்கும் பல்ப் வைத்தியத்துக்கு வந்தேன். காரில் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்ப் ஒன்று, அதற்கு ஹோல்டர், பேக்கில் மாட்ட ஒரு எக்ஸ்டி60 கனெக்டர். பேக்கின் பேலன்ஸ் ஒயரில் (ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்க உதவும் சின்ன ஒயர்) ஒரு குட்டி வோல்டேஜ் அலாரத்தைச் செருகி 3.8-இல் வைத்துவிட்டால், முப்பது நாற்பது நிமிஷத்தில் எந்தச் செல் முதலில் 3.8-ஐத் தொடுகிறதோ அப்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தும். முதல் தடவை அலாரம் இல்லாமல் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன், நடுவில் ஒரு போன் வந்தது, திரும்பி வந்தபோது ஒரு செல் 3.1. பி அன்றைக்குப் பிழைத்தது அதிர்ஷ்டம். பல்ப் நன்றாகச் சுடும், பிளாஸ்டிக் ட்ரேயில் வைத்து அது நெளிந்துபோய், இப்போது எவர்சில்வர் தட்டில் வைக்கிறேன். ஆக, 21 வாட்டை நூறு ரூபாய்க்குள் நானே செய்துகொள்ள முடிகிறதென்றால், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய டப்பாவுக்கு 5 வாட்தானா என்று மறுபடி கோபம் வரும்.

அந்தக் கோபம் ஒரே ஒருமுறை இறங்கியது. 2023 டிசம்பர் 2, சனிக்கிழமை. மிக்ஜாம் புயல் வருகிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஞாயிறு காலை ஒரு மணி நேரம் வெறித்துவிடாதா என்ற நப்பாசையில் நாலு பேக்கையும் (ஏ, பி, புதிதாக வாங்கிய இரண்டு) முழுசாக ஏற்றி வைத்தேன். குழுவில் சிரித்தார்கள். ஞாயிறு வெறிக்கவில்லை, திங்கட்கிழமை கரண்ட்டும் போய்விட்டது, தெருவில் முழங்கால் தண்ணீர். சார்ஜர் கரண்ட் இல்லாமல் செங்கல் மாதிரி கிடந்தது, அந்த 5 வாட்டுக்கும் வழியில்லை. அப்போது கொலுவுக்கு வாங்கிய எல்இடி ஸ்ட்ரிப் ஞாபகம் வந்தது, 12 வோல்ட், ஒரு மீட்டர். பேக்கில் மாட்டினேன், ஹால் முழுக்க வெளிச்சம். அது எத்தனை வாட் என்று பார்த்தால் அதுவும் 5 வாட்தான்! ஒரு பேக்குக்கு இரண்டரை மணி நேரம். ஆறு வருஷத்தில் அந்த ஒரு ராத்திரிதான் இன்னும் மெதுவாக இறங்காதா என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், "இது நல்லாருக்கே, இன்னும் எத்தனை வச்சிருக்க?" என்று கேட்டார். அலாரம் கத்தியதும் நான் போய்க் கழற்ற, "இன்னும் எரியுதே, ஏன் எடுக்கிற?" 3.8 வந்துவிட்டது, இதற்கு மேல் இறக்கக் கூடாது என்று விளக்கினேன். "வீடே இருட்டில கிடக்கு, நீ பிளேனுக்கு மிச்சம் வைக்கிறியா?" பதில் இல்லை. மறுநாள் ராத்திரியும் கரண்ட் வரவில்லை, இரண்டு பேக்கை அலாரம் 3.6-இல் வைத்து எரியவிட்டோம், அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் நாலும் உப்பாமல், செல் எல்லாம் ஒரே அளவில் இருந்தன.

ஆக தம்பிக்கு என் பதில்: வாங்காதே. சார்ஜ் அருமையாகப் போடும், ஆறு வருஷம் உழைக்கும், ஃபேன் 80 ரூபாய்க்குக் கிடைக்கும், இருந்தாலும் வாங்காதே. எந்தச் சார்ஜரை எடுத்தாலும் எத்தனை வாட்டில் ஏற்றும் என்று பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்க்காமல், எத்தனை வாட்டில் இறக்கும் என்று பொடி எழுத்தில் இருப்பதைத் தேடிப் படி. உள் மின்தடை காட்டுகிறதா என்றும் கேள். இரண்டும் இருக்கிற ஒன்றை, கொஞ்சம் காசு சேர்த்தாவது வாங்கு.

இதை அவரிடம் போனிலும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ நீங்க புதுசு வாங்கிக்கங்கண்ணா, அந்தப் பழசை பாதி விலைக்கு நான் எடுத்துக்கிறேன்" என்றார். இல்லப்பா, இப்போதுதானே ஃபேன் மாற்றியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.