டெபியன் சர்வரில் பாதுகாப்பு ஓட்டைகள்: 2013 முதல் நான் பார்த்தவை

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 7ஆம் பதிப்பு வெளியான 2013இல் என் சிறிய சர்வரில் அதை நிறுவினேன். இப்போது ஓடுவது 12. நடுவில் வேறு லினக்ஸுக்குத் தாவும் சபலம் வராமல் இல்லை. பாதுகாப்பு ஓட்டை வெளியானால் டெபியன்காரர்கள் அதைக் கையாளும் விதம்தான் பிடித்து நிறுத்தியது.

முதல் பாடம் ஹார்ட்பிளீட். இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரல் நூலகத்தில் இருந்த இந்த ஓட்டை வழியாக, ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தை யார் வேண்டுமானாலும் உருவலாம். 2014 ஏப்ரல் 7 அன்று செய்தி வெளிவந்தது. டெபியனின் திருத்தமும் அன்றே வந்துவிட்டது. மறுநாள் காலை அதை நிறுவிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனேன். மாலையில் சோதித்துப் பார்த்தால் ஓட்டை அப்படியே இருக்கிறது! வட்டில் இருந்த நூலகம் புதிது. ஓடிக்கொண்டிருந்த வலைச்சேவை மென்பொருளான என்ஜின்எக்ஸ் பிடித்துவைத்திருந்ததோ பழையது. நான் அதை மறுதொடக்கம் செய்யவே இல்லை. பழைய நூலகத்தோடு ஓடும் சேவைகளைக் காட்டிக்கொடுக்கும் நீட்ரீஸ்டார்ட் கருவி அன்றிலிருந்து என் எல்லா சர்வர்களிலும் உண்டு. கசிந்திருக்கலாம் என்பதால் மறையாக்கச் சாவிகளையும் சான்றிதழையும் மாற்றி முடிக்க இரவு ஒரு மணி ஆனது.

அடுத்தது பதிப்பு எண் விவகாரம். டெபியன் நிலையான பதிப்பில் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு உயர்த்துவது அரிது. திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டுவார்கள். தொலைவிலிருந்து சர்வரில் உள்நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 2024 ஜூலையில் ரெக்ரெஷன் என்ற ஓட்டை வெளியானபோது, அதை எழுதும் மூலத் திட்டம் 9.8ஐ வெளியிட்டது. டெபியன் 12 அதே 9.2இல் திருத்தத்தைச் சேர்த்து அனுப்பியது. எண்ணின் வாலில்தான் சிறு மாற்றம். வாடிக்கையாளர் ஒருவருக்காக வந்த தணிக்கையாளரின் ஸ்கேனருக்கு வால் தெரியவில்லை, 9.2 என்றதும் சிவப்புக் கொடி. சிவிஇ என்ற பொது அடையாள எண் பெற்ற ஒவ்வொரு ஓட்டையும் எந்தப் பதிப்பில் தீர்ந்தது என்று காட்டும் டெபியனின் கண்காணிப்புப் பட்டியலை அனுப்பினேன். "சரி, 9.8க்கு எப்போது மாறுவீர்கள்?" என்று பதில் வந்தது. மூன்று கடிதங்கள் ஆயின.

ஆனால் அடுத்தவர் நிரலில் கைவைப்பது எப்போதும் நல்லதாக முடிவதில்லை. ஒரு சோதனைக் கருவியின் எச்சரிக்கையை அடக்குவதற்காக டெபியன் 2006இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் சில வரிகளை நீக்கியது. விளைவு, ஒவ்வொரு சாவி வகைக்கும் அளவுக்கும் சுமார் 32,000 சாவிகள்தான் உருவாக முடிந்தது. 2008 மே மாதம் தெரியும் வரை அப்படியே ஓடியது. தெரிந்தபின் மூடிமறைக்கவில்லை, பலவீனமான சாவிகளைக் கண்டுபிடிக்கும் கருவியோடு அறிவித்தார்கள் என்பதை என் கணக்கில் அவர்கள் பக்கம்தான் வைக்கிறேன்.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் அகப்பட்ட, யாரோ ஒளித்துவைத்த பின்கதவைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால் அது வெளிப்பட்டது. டெபியனின், வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் கிளைகளில் அது ஏற்கெனவே நுழைந்திருந்தது. நிலையான பதிப்புக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு குறை உண்டு. சிறியவை என்று முடிவான ஓட்டைகள் சேர்த்துவைத்த திருத்தங்கள் ஒன்றாக வரும் அடுத்த இடைவெளியீடு வரை காத்துக்கிடக்கும். எது சிறியது என்பது டெபியன் பாதுகாப்புக் குழுவின் கணிப்பு. என் சர்வரின் நிலைமை அவர்களுக்குத் தெரியாதல்லவா? அதனால் மாதம் ஒருமுறை, நான் உண்மையில் பயன்படுத்தும் பத்துப் பன்னிரண்டு மென்பொருள்களை மட்டும் அந்தக் கண்காணிப்புப் பட்டியலில் தேடிப் பார்க்கிறேன். அரைமணி நேர வேலை.