வரிக் குறைப்பா, முதலீட்டுக் கழிவா, அரசே கட்டுறதா: வளர்ச்சிக்கு எது நிஜமா கை கொடுக்குது?

பட்ஜெட்னு பேச்சு எடுத்தாலே ரெண்டு கட்சி நிக்கும். ஒருத்தர் வரியைக் குறைங்க, கம்பெனி கைல காசு நின்னா அதுவே ஃபேக்டரியா மாறும், வேலை வரும்ங்கறார். இன்னொருத்தர் ரோடும் ரயிலும் துறைமுகமும் கரண்டும் இல்லாத எடத்துல எவன் வந்து ஃபேக்டரி போடுவான், அரசாங்கமே இறங்கி செலவு பண்ணணும்ங்கறார். இவங்க மல்லுக்கட்டறதுல நடுவுல இருக்கற மூணாவது வழி காணாமப் போயிடுது. அதாவது வரி ரேட்ட அப்படியே விட்டுட்டு, புதுசா மெஷின் வாங்கறவங்களுக்கு மட்டும் கழிவு கொடுக்கறது, அதாவது மெஷின் விலைய வரி போடற லாபத்துல இருந்து சீக்கிரமே கழிச்சுக்க விடறது. என் கட்சி எதுன்னு முதல்லயே சொல்லிடறேன்: ஏற்கனவே வந்த லாபத்துக்கு சலுகை கொடுக்கற பாலிசி எனக்கு கடைசி, இனிமே போடப்போற மெஷினுக்கும் இனிமே கட்டப்போற பாலத்துக்கும் காசு போய்ச் சேர்ற பாலிசிதான் முதல்.

முதல்ல ரேட் குறைப்பு. இதால வளர்ச்சியே வராதுன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது. கிறிஸ்டினா ரோமர், டேவிட் ரோமர்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 2010ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அமெரிக்காவுல ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் நடந்த வரி மாற்றம் ஒவ்வொண்ணையும் எடுத்து, அந்தக் காலத்து பேச்சு, ரிப்போர்ட் எல்லாம் படிச்சு, எது எதுக்காக பண்ணதுன்னு பிரிச்சுப் பாத்தாங்க. ஜிடிபில 1 சதவீதம் அளவுக்கு வரி ஏத்தினா மூணு வருஷத்துல ஜிடிபி கிட்டத்தட்ட 3 சதவீதம் குறையுதுன்னு வந்துச்சு. சின்ன நம்பர் இல்ல இது.

ஆனா எங்க இருந்து குறைக்கறோம்ங்கறது ரொம்ப முக்கியம். 1964 சட்டத்துல அமெரிக்கா தனிநபர் உச்ச வரிய 91 சதவீதத்துல இருந்து 70க்கு இறக்குச்சு. 91னா 100 சம்பாதிச்சா கடைசி அடுக்குல 9தான் கைல நிக்கும், அது 30 ஆகுதுன்னா மூணு மடங்குக்கு மேல, அப்ப ஆள் இன்னும் கொஞ்சம் உழைக்கலாம்னு நினைப்பான். அதுவே 25ல இருந்து 22க்கு குறைச்சா 75 இருந்தது 78 ஆகுது, அவ்ளோதான். ரெண்டையும் வரிக்குறைப்புன்னு ஒரே பேர்ல கூப்பிடறதுதான் பாதி குழப்பத்துக்கு காரணம். அமெரிக்க அதிபர் ரீகன் காலத்த வேற அடிக்கடி இழுப்பாங்க. 1981ல உச்ச வரிய 70ல இருந்து 50க்கு கொண்டு வந்தாங்க, 1986 சட்டம் 28க்கு கொண்டு போச்சு, நடுவுல நல்ல வளர்ச்சியும் வந்துச்சு, சரிதான், ஆனா 1981ல 20 சதவீதம் வரைக்கும் போன மத்திய வங்கி வட்டி அதே காலத்துலதான் மளமளன்னு இறங்குச்சு, 1982லயே வேற சில வரிகளை ஏத்தவும் செஞ்சாங்க, அதனால அந்த வளர்ச்சிய வரிக் கணக்குல மட்டும் எழுதறது நியாயம் இல்ல.

ரேட் குறைப்பு எப்படி சறுக்கும்னு பாக்க அமெரிக்காவோட கன்சாஸ் மாநிலத்த விட நல்ல பாடம் கிடையாது. 2012ல கவர்னர் சாம் பிரவுன்பேக் மாநில வருமான வரி உச்சத்த 6.45ல இருந்து 4.9 சதவீதத்துக்கு இறக்கினார், அதோட பார்ட்னர்ஷிப் மாதிரி ஓனர் பேர்ல வரி கட்டற தொழில் வருமானத்துக்கு வரியே இல்லன்னு சொன்னார். தொழில் பெருகும்னு எதிர்பார்த்தாங்க. பெருசா பெருகல, வருமானம்தான் சரிஞ்சுது. ஓட்டைய அடைக்க எங்க கைவச்சாங்கன்னு பாருங்க: நெடுஞ்சாலைக்குன்னு ஒதுக்கி வச்ச நிதியில. 2015ல விற்பனை வரிய 6.15ல இருந்து 6.5 ஆக்கினாங்க, அதாவது தொழில் வருமானத்துக்கு விட்ட சலுகைய சாமான் வாங்கற எல்லார்கிட்டயும் வசூல் பண்ணாங்க. கடைசில 2017ல அவரோட சொந்தக் கட்சிக்காரங்களே நிறைஞ்ச சட்டசபை, கவர்னரோட வீட்டோவையும் மீறி இதை ரத்து பண்ணுச்சு. விவசாயப் பொருளும் எண்ணெயும் விலை விழுந்ததும் ஒரு காரணம்தான், அதையும் சொல்லணும். ஆனா ரோட்டுக் காசை எடுத்து வரிச்சலுகைக்கு ஊத்தினா வளர்ச்சி எந்தப் பக்கம் இருந்து வரும்?

இந்தியா 2019 இன்னொரு நல்ல உதாரணம், ஏன்னா ஒரே அரசாங்கம் ரெண்டு வழியையும் அடுத்தடுத்து முயற்சி பண்ணிச்சு. 2019 செப்டம்பர்ல நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கம்பெனி வரிய 30ல இருந்து 22 சதவீதமா குறைச்சாங்க, வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் போகும்னு அரசாங்கமே சொல்லிச்சு. அதே அறிவிப்புல புதுசா ஆரம்பிக்கற உற்பத்தி கம்பெனிக்கு 15 சதவீதம்னும் இருந்துச்சு, இதுல எனக்குப் பிடிச்ச பகுதி அதுதான், ஏன்னா புதுசா ஃபேக்டரி போட்டு 2024 மார்ச்சுக்குள்ள உற்பத்திய ஆரம்பிச்சவங்களுக்குத்தான் அது கிடைச்சுது. 22 அப்படி இல்ல, பழைய சலுகைகள விட்டுட்டா போதும், ஒரு மெஷின் கூட புதுசா வாங்க வேண்டாம். ஆறு மாசத்துல கொரோனா வந்துட்டதால அந்த வரிக்குறைப்ப மட்டும் தனியா எடைபோடறது கஷ்டம், ஆனா அதுக்கப்புறம் அரசாங்கமே எந்தப் பக்கம் திரும்பிச்சுன்னு பாருங்க: மத்திய அரசோட மூலதனச் செலவு, அதாவது ரோடு, ரயில் மாதிரி நிலைச்சு நிக்கறதுக்குப் போடற காசு, 2019-20ல 3.36 லட்சம் கோடி, 2023-24 பட்ஜெட்ல 10 லட்சம் கோடி, 2024-25ல 11.11 லட்சம் கோடி. தனியார் முதலீடு வரும்னு காத்திருந்து பாத்துட்டு, நாமே போடுவோம்னு இறங்கினதாத்தான் நான் இதைப் படிக்கறேன்.

இப்ப அந்த மூணாவது வழி, முதலீட்டுக் கழிவு. இதைக் கணக்கு போட்டே காட்டறேன், அப்பதான் புரியும். ஒரு மெஷின் விலை 100னு வச்சுக்குவோம், எந்த நாட்டுக் காசா வேணா இருக்கட்டும், கம்பெனி வரி 25 சதவீதம், மெஷின் ஆயுசு 10 வருஷம். சாதாரண தேய்மானக் கணக்குல வருஷத்துக்கு 10ஐ செலவா காட்டலாம், அதனால வருஷம் 2.5 வரி மிச்சம், பத்து வருஷத்துல 25. ஆனா பத்தாவது வருஷம் வர்ற 2.5ம் இன்னைக்கு கைல வர்ற 2.5ம் ஒண்ணு இல்லையே. 8 சதவீத வட்டில இன்னைய மதிப்புக்கு இழுத்துட்டு வந்தா, முதல் தவணை இப்பவே வருதுன்னு வச்சுக்கிட்டாலும் அந்த 25 வெறும் 18 பக்கம்தான் நிக்குது. அதுக்கு பதிலா வாங்கின அன்னிக்கே முழு 100ஐயும் செலவா எழுதிக்கோன்னு விட்டா, இதுதான் முழுக்கழிவு, 25ம் இப்பவே கைல. மெஷின் விலை கிட்டத்தட்ட 7 சதவீதம் குறைஞ்ச மாதிரி. இத்தனைக்கும் அரசாங்கத்துக்கு மொத்த வரில ஒரு காசு நஷ்டம் இல்ல, பின்னாடி வர வேண்டிய கழிவு முன்னாடியே போயிடுது, அந்த வட்டிதான் செலவு.

இதையே ரேட் குறைப்போட பக்கத்துல வைங்க. 25ஐ 20 ஆக்கினா, பதினஞ்சு வருஷம் முன்னாடி போட்ட மெஷின்ல இன்னைக்கும் லாபம் பாக்கற கம்பெனிக்கு 100க்கு 5 மிச்சம். அது புதுசா எதுவும் பண்ணல. முழுக்கழிவுல அந்தக் கம்பெனிக்கு ஒண்ணும் கிடையாது, புது மெஷின் ஆர்டர் போட்டவனுக்கு மட்டும்தான். இன்னொரு விதமா யோசிச்சா அரசாங்கம் 25 சதவீத பங்காளி மாதிரி, மெஷின் செலவுல 25ஐ அதுவே போடுது, வர்ற லாபத்துல 25ஐ எடுத்துக்குது, அதனால புது முதலீட்டுக்கு முன்னாடி நிக்கற வரிச்சுவர் கிட்டத்தட்ட இல்லாமப் போயிடுது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்ல. எரிக் ஸ்விக், ஜேம்ஸ் மேஹன் ரெண்டு பேரும் 2017ல அமெரிக்க கம்பெனிகளோட வரிக் கணக்க வச்சே பாத்தாங்க. மெஷின் விலைல ஒரு பெரிய பகுதிய முதல் வருஷமே செலவா எழுதிக்க விடற கூடுதல் தேய்மானச் சலுகையால, தகுதியுள்ள முதலீடு 2001 முதல் 2004 வரைக்கும் 10.4 சதவீதமும், 2008 முதல் 2010 வரைக்கும் 16.9 சதவீதமும் கூடியிருக்கு. என் கண்ணுக்குப் பெருசா பட்டது அடுத்த விஷயம்: பெரிய கம்பெனிகள விட சின்ன கம்பெனிகள்தான் ரொம்ப வேகமா அசைஞ்சுது, அதுவும் சலுகை உடனே கைக்காசா வந்தப்பதான். கடன் கிடைக்கத் திண்டாடறவனுக்கு இன்னைக்கு வர்ற காசுதான் காசு. எஸ்டோனியா இதை இன்னும் ஒரு படி மேல கொண்டு போயிடுச்சு, 2000ல இருந்து அங்க லாபத்த தொழிலுக்குள்ளயே திருப்பிப் போட்டா வரி கிடையாது, பங்குதாரர்களுக்கு டிவிடெண்டா வெளிய எடுக்கறப்பதான் வரி.

குறை இல்லாம இல்ல. லாபமே வராத புதுக் கம்பெனிக்கு எதுல கழிச்சுக்கறது? மெஷினுக்கு கழிவு கிடைக்கறதால ஆளுக்கு பயிற்சி கொடுக்கற செலவ விட மெஷின் பக்கம் சாய வைக்கும். அடுத்த வருஷம் வாங்க இருந்தத இந்த வருஷமே வாங்கறதும் நடக்கும், சலுகைக்கு கடைசித் தேதி போட்டா இது இன்னும் அதிகம்.

அரசே கட்டற வழிக்கு வருவோம். 1817ல நியூயார்க் மாநிலம் கடன் வாங்கி ஈரி கால்வாய வெட்ட ஆரம்பிச்சுது, 363 மைல், செலவு சுமார் 70 லட்சம் டாலர், அந்தக் காலத்துக்கு அது தலை சுத்தற தொகை. 1825ல திறந்தாங்க. பஃபலோல இருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சரக்கு கொண்டு போக 100 டாலர் பக்கம் ஆயிட்டு இருந்தது 10 டாலர் பக்கம் வந்துடுச்சு. எந்த வரிக்குறைப்பாலயும் ஒரு வியாபாரியோட செலவ பத்துல ஒண்ணா ஆக்க முடியாது. சுங்கக் கட்டணத்துலயே கடன் அடைஞ்சுது.

கதை இதோட நின்னுடல. அதைப் பாத்து இண்டியானா, இல்லினாய், பென்சில்வேனியா எல்லாம் நாமும் வெட்டுவோம்னு அகலக்கால் வச்சாங்க. சரக்கு எங்க இருந்து எங்க போகுதுன்னு பாக்காம ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கால்வாய், ஒரு ரோடுன்னு பங்கு போட்டு கொடுத்தாங்க. 1837ல அமெரிக்காவுல நிதி நெருக்கடி வந்துச்சு, 1840களோட ஆரம்பத்துல இவங்களால வட்டி கட்ட முடியல. ஈரி எடுபட்டதுக்கு காரணம் அப்பலாச்சியன் மலைத்தொடர் நடுவுல இருந்த ஒரே சுலபமான இடைவெளி, ஒரு பக்கம் ஏரிகள், இன்னொரு பக்கம் துறைமுகம், ரெண்டுக்கும் நடுவுல அடைச்சுக்கிட்டு நின்ன சரக்கு. அடைப்பு இருக்கற எடத்துல போட்ட காசு பேசும், இல்லாத எடத்துல போட்டா வட்டிதான் பேசும்.

சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப் 2014ல கணக்கு போட்டுச்சு: வளர்ந்த நாடுகள்ல பொது முதலீட்ட ஜிடிபில 1 சதவீதம் கூட்டினா அதே வருஷம் உற்பத்தி 0.4 சதவீதம் கூடுது, நாலு வருஷத்துல 1.5 சதவீதம் ஆகுது. அடுத்த வருஷமே அவங்களே இன்னொண்ணும் சொன்னாங்க, பொது முதலீட்டுல கிடைக்க வேண்டிய பலன்ல சராசரியா 30 சதவீதம் நிர்வாகக் குறையாலயே வீணாப் போகுதுன்னு. பெர்லின் புது ஏர்போர்ட் நல்ல உதாரணம். 2006ல கட்ட ஆரம்பிச்சாங்க, 2012 ஜூன்ல திறக்கறதா அறிவிச்சு, நாலு வாரம் இருக்கறப்ப தீ பாதுகாப்பு சிஸ்டம் சரியில்லன்னு நிறுத்தி, திறந்தது 2020 அக்டோபர் 31. இது ஜெர்மனில நடந்தது, எஞ்சினியரிங்ல யாரும் குறை சொல்ல முடியாத நாட்டுல. அதனால அரசு கட்டற வழிய ஆதரிக்கறவங்க, நானும் சேத்துதான், எவ்ளோ ஒதுக்கினாங்கன்னு கைதட்டறத நிறுத்திட்டு எது முடிஞ்சுதுன்னு கேக்கணும்.

காசு எங்க இருந்து வருதுன்னு சொல்லாம எந்த வழில போனாலும் அடிவிழும். இலங்கை ரெண்டு பக்கமும் அடிவாங்கின நாடு, அதைப் பேசறப்ப மனசு கனக்குது. அம்பாந்தோட்டை துறைமுகத்த கடன்ல கட்டினாங்க, எதிர்பார்த்த அளவு கப்பல் வரல, 2017ல 99 வருஷக் குத்தகைக்கு விட வேண்டியதாச்சு. அடுத்து வரிக்குறைப்பு: 2019 டிசம்பர்ல சாமான் வாங்கறப்ப விலையோட சேத்து வசூலாகற வாட் வரிய 15ல இருந்து 8 சதவீதம் ஆக்கினாங்க, வாட்டுக்கு பதிவு பண்ண வேண்டிய விற்பனை வரம்ப வருஷத்துக்கு 1.2 கோடி ரூபால இருந்து 30 கோடிக்கு தூக்கினாங்க, ஒரே நாள்ல ஏகப்பட்ட தொழில்கள் வரி வலைய விட்டு வெளிய போயிடுச்சு. 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாதுன்னு அறிவிச்சாங்க. கொரோனாவும் சுற்றுலா படுத்ததும் உர இறக்குமதி தடையும் சேந்துதான் இது நடந்துச்சு, ஆனா கஷ்டகாலத்துல தாங்க வேண்டிய வருமானத்த முன்னாடியே வெட்டிட்டாங்க. வாட் 2024 ஜனவரில 18 சதவீதத்துல வந்து நின்னுச்சு, முதல்ல இருந்ததுக்கும் மேல.

பணக்கார நாட்டுக்கு இது நடக்காதுன்னு இல்ல. 2022 செப்டம்பர் 23 அன்னிக்கு பிரிட்டன்ல லிஸ் டிரஸ் அரசாங்கம் கிட்டத்தட்ட 4,500 கோடி பவுண்டுக்கு வரிக்குறைப்ப அறிவிச்சுது, எதுல ஈடுகட்டப் போறோம்னு ஒரு வார்த்தை இல்ல. மூணு நாள்ல பவுண்ட் டாலருக்கு எதிரா வரலாறு காணாத அளவு விழுந்துச்சு, 28ம் தேதி பேங்க் ஆஃப் இங்கிலாந்து இறங்கி அரசு பத்திரம் வாங்க வேண்டியதாச்சு. வளர்ச்சிக்குன்னு கொண்டு வந்த பாலிசி, வீட்டுக்கடன் வட்டிய ஏத்திட்டுப் போச்சு.

அப்ப எந்த சூழ்நிலைல எது? ஆட்கள் வேலை இல்லாம சும்மா இருக்காங்க, கம்பெனி மெஷின்ல பாதி ஓடாம நிக்குதுன்னா கம்பெனி வரிய குறைச்சு பிரயோஜனமே இல்ல, விக்காத சரக்குக்கு எவன் புதுசா மெஷின் போடுவான், அங்க அரசு செலவுதான். ஆர்டர் இருக்கு, மெஷின் போதலன்னா முழுக்கழிவு. ரேட் குறைப்புக்கு எடம் ரேட் ரொம்ப உயரத்துல இருக்கற நாட்டுலயும், அயர்லாந்து மாதிரி சின்ன நாட்டுலயும்தான். அயர்லாந்து 2003ல 12.5 சதவீதம் வச்சு உலகக் கம்பெனிகள இழுத்துச்சு, ஆனா இங்கிலீஷ் தெரிஞ்ச படிச்ச ஆட்களும் ஐரோப்பிய சந்தையும் கூடவே இருந்துச்சு, அதை விட்டுட்டு ரேட்ட மட்டும் காப்பியடிச்சவங்களுக்கு அது வேலை செய்யல. இப்ப 75 கோடி யூரோவுக்கு மேல விற்பனை உள்ள பன்னாட்டு கம்பெனிகளுக்கு 15 சதவீத குறைந்தபட்ச வரி வந்துட்டதால அந்தக் கதவும் பாதி மூடியாச்சு.

நான் இப்ப உன்னிப்பா கவனிக்கறது பிரிட்டனைத்தான். 2023 ஏப்ரல் 1ல ஒரே நாள்ல ரெண்டு வேலை பண்ணாங்க: பெரிய லாபக் கம்பெனிகளுக்கு வரிய 19ல இருந்து 25க்கு ஏத்தினாங்க, மெஷினுக்கு முழுக்கழிவும் கொடுத்தாங்க. முதல்ல மூணு வருஷத்துக்குன்னு சொன்ன கழிவை நவம்பர்லயே நிரந்தரமாக்கிட்டாங்க. பழைய லாபத்துக்கு கூட வரி, புது மெஷினுக்கு முழு விலக்குன்னு நான் கேக்கற பாலிசிய கிட்டத்தட்ட அப்படியே போட்டிருக்காங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்துல கம்பெனி வரிய ஏத்தப் போறோம், இல்ல ஏத்தல, இல்ல ஏத்தறோம்னு மூணு தடவ மாத்திச் சொன்னவங்கதான் இவங்க. இருவது வருஷம் ஓடற மெஷினுக்கு ஆர்டர் போடறவன் அந்த நிரந்தரம்ங்கற வார்த்தைய நம்பறானாங்கறதுலதான் இது நிக்குது.